இடது கன்னத்தில் பூசிப் பார்த்தது

டயகம,
5.2.1961

அன்புள்ள பூரணிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சளியில் இப்போது சயரோகக் கிருமி இல்லை என்று டொக்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் இருந்தவள் எழுந்து வந்து, "இன்னொருக்கா வாசிடா தம்பி" என்றாள். மறுபடியும் வாசித்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நம் பேச்சியை அவள்தான் குளிப்பாட்டிச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நீ கவலைப்படாதே.

ஆனால் நீ கடைசியில் எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரி மரத்தடியில் தள்ளி நின்று பிள்ளையைப் பார்க்கலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். நீயோ, "பிள்ளையைக் கூட்டி வராதீர்கள்" என்கிறாய். முகம் கறுத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, தோல் செதில் செதிலாக உரிகிறது, பார்த்தால் பிள்ளை பயந்துபோகும் என்று இரண்டு மூன்று மாதமாகவே எழுதுகிறாய். உன்னோடு வழக்காட எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன்.

முகத்தில் பூசும் ஸ்நோவைக் கடையில் முழு டப்பாவாக வாங்குகிற நிலையில் நாம் இல்லை. நீ கொழுந்து பறிக்கப் போகாததால் வீட்டில் ஒரு ஆள் சம்பளம்தான். அப்போது பேச்சியின் பள்ளிக்கூடத்துச் சுகிர்தம் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். பத்திரிகைகளில் ஸ்நோ, பவுடர் விளம்பரத்துக்குக் கீழே ஒரு கூப்பன் இருக்கிறதாம். வெட்டி அனுப்பினால் சாம்பிள் சும்மா வருமாம். அவர் வீட்டுப் பழைய பத்திரிகைகளை எல்லாம் எனக்குக் கொடுத்தார். உன் பேரை எழுதித்தான் அனுப்பினேன். ஒரு நாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது ஆபீஸ் கிளாக்கர் ஐயா, "பூரணியம்மாளுக்குக் கொழும்பிலிருந்து அழகு சாமான் பார்சல்!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டார். நான் போய்க் கையை நீட்டினேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

தெரியாத சாமானை உன் முகத்தில் எப்படிப் பூசச் சொல்வது? அதனால் முதலில் நானே பூசிப் பார்த்தேன். இடது கன்னத்தில் வெள்ளை ஸ்நோ, வலது கன்னத்தில் மஞ்சள் டியூப். வெள்ளை ஸ்நோ நல்லது. இந்தப் பனியிலும் தோல் வெடிக்கவில்லை. மஞ்சள் டியூப்தான் பாடாய்ப் படுத்திவிட்டது. வலது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. அக்கா, "பொம்பளைங்க சாமான ஏண்டா பூசுற?" என்று திட்டிக்கொண்டே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். அந்த டியூப்பைக் குப்பையில் எறிந்துவிட்டேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ரோசாப்பூ வாசனை ஸ்நோ ஒன்றைப் பூசிக்கொண்டு தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன். டீமேக்கர் ஐயா மோப்பம் பிடித்து என் முன்னால் வந்து நின்றார். "தேயில வாசத்தப் புடிச்சுக்கும்னு ஒனக்குத் தெரியாதா? வெளிய போ!" என்று விரட்டி, அந்த வாரம் முழுவதும் விறகு வெட்டப் போட்டுவிட்டார். விறகுக் கொட்டடியில் சிவசாமி கங்காணி என்னைப் பார்த்து, "என்னடா அழகுமுத்து, ரெண்டாங் கல்யாணமா?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். மறுநாள் ஒரு பவுடர் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் வைத்து, "தலவாக்கலையில பவுடர் கம்பெனி வேன்ல சும்மா குடுத்தாங்க. எம் பொஞ்சாதி ஒனக்குக் குடுக்கச் சொன்னா" என்றார். அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் தங்களுக்குக் கிடைத்ததையும் அக்காவிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இந்தப் பொட்டலத்தில் இருப்பவை எல்லாம் நான் பூசிப் பார்த்தவைதான். நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுப் பூசு.

பூசிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டி வா என்று ஒரு வரி எழுது.

உன் அழகுமுத்து

டயகம,
26.2.1961

அன்புள்ள பூரணிக்கு,

வெள்ளை ஸ்நோ உனக்கு ஒத்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும், "இன்னும் கொஞ்சம் முகம் தேறட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டாய். நானும் உன் இஷ்டப்படி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

உனக்கு அனுப்ப இரண்டு டின்னும் ஒரு பவுடர் பொட்டலமும் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று திறந்தால் ஒரு டின் காலி. மற்றதில் பாதி இல்லை. எலியோ என்று நினைத்தேன். எலி மூடியைத் திருகி மூடுமா? நம் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் பேச்சி நிற்கிறாள். முகம் முழுக்க வெள்ளையாக அப்பியிருக்கிறாள். அதற்கு மேல் பவுடரையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

பூரணி, அம்மை போட்டதை உனக்கு எழுதினேன். தழும்பு விழுந்ததை எழுதவில்லை. படுக்கையில் கிடக்கிற உனக்கு அதை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். இரண்டு கன்னத்திலும், மூக்கிலும், நெற்றியிலும் இருக்கிறது. தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயா வளர வளர மங்கும் என்கிறார்.

நான் அதட்டப் போனேன். அவள் ஓடவில்லை. "இத ரொம்பப் பூசுனா குழி மூடிக்கும்ல அப்பா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "அம்மா போறப்ப எம் மூஞ்சி வழவழன்னு இருந்துச்சில்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "எம் மூஞ்சி இப்பிடி ஆயிருச்சின்னுதான அம்மா என்னயக் கூட்டிட்டு வரவேணாங்குது?"

உன் முந்திய கடிதத்தை நான் அக்காவுக்குக் கடைசிவரை வாசித்ததை எங்கேயோ இருந்து கேட்டிருக்கிறாள். கூட்டி வராதீர்கள் என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், தினமும் பூசிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

தூக்கி வைத்துக்கொண்டேன். அப்படி இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னால் நம்பமாட்டாள், பூரணி. நீ சொல்ல வேண்டும்.

உன் அழகுமுத்து

ஆஸ்பத்திரி,
2.3.1961

பேச்சியின் அப்பாவுக்குப் பூரணி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்தபின் அன்றைக்கு முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸம்மா காய்ச்சலோ என்று பயந்து வந்து தொட்டுப் பார்த்தார். அடுத்த கட்டில் டோரீன்தான் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "நீ இங்க ஒளிஞ்சிருக்க, அவ அங்க ஒளிஞ்சிருக்கா. ஒனக்கென்ன பைத்தியமா?" என்று திட்டினாள். நல்லாத் திட்டினாள்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டி வாருங்கள். இரவு ரயிலில் குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நீங்கள் எதையும் கன்னத்தில் பூசிப் பார்க்க வேண்டாம். வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டதா என்று எழுதவே இல்லையே. என் புருசனுடைய முகமும் எனக்கு வேண்டும்.

பேச்சிக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்: பேச்சி, அம்மா ஒன்ன வேணாம்னு சொல்லலடி தங்கம். அம்மா மூஞ்சிதான் நல்லா இல்லாமப் போச்சு. நீ பாத்தா அம்மாகிட்ட வரமாட்டியோன்னு அம்மாவுக்குப் பயம். ஒனக்கு எத்தன தழும்பு இருந்தாலும் நீ எம் புள்ளதான். வந்து காட்டு.

நீங்கள் மட்டும் வாசிக்க: அவளைக் கட்டிப்பிடிக்க இங்கே இன்னும் விடமாட்டார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். என்னைப் பார்த்து உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால் இழுத்து முன்னால் விடாதீர்கள். நான் அங்கேயே நிற்பேன். அவளாக எட்டிப் பார்க்கட்டும்.

இங்கே வரும் வழியில் கொழும்பு ஸ்டேஷனில் கூட்டம் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளையின் கையை ஒரு நிமிடமும் விடாமல் என்னிடம் கொண்டுவந்து சேருங்கள்.

பேச்சியின் அம்மா