ஆள் ஏறிய வண்டி

பாரிஸ்
1863 மார்ச் 9, காலை ஆறரை மணி

அன்புள்ள ஸெலீ,

இந்தப் பட்டறையில் இதுவரை பதினோரு குதிரை வண்டிப் படங்கள் வரைந்தேன். பதினொன்றையும் முதலாளி கொதார் தள்ளிவிட்டார். நேற்று, "வண்டியாய்யா இது? அடைகாக்குற கோழி மாதிரி குந்தியிருக்கு!" என்றார்.

என் கணக்கு சரி. நான்கு பேர் ஏறினால் பெட்டியைத் தாங்கும் வில்பட்டை அமுங்கும், பெட்டி இறங்கும். இறங்கிய நிலையில்தான் வரைகிறேன். தலைமை வரைவாளர் விக்தோரன் காலி வண்டியை வரைகிறார், அது நிமிர்ந்து நிற்கிறது, வாங்குகிறவர் மயங்குகிறார். போன மாதம் அவர் வரைந்த வண்டியில் ஒரு பிரபு குடும்பத்தோடு ஏறியதும் சேற்றுத்தகடு சக்கரத்தில் உரசித் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஈஸ்டருக்குள் என் படம் ஒன்றாவது தேறாவிட்டால் நம் நிச்சயத்தை முறித்துவிடுவதாக உன் அப்பா எழுதியிருக்கிறார். முட்டாள்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

உன்
எவரிஸ்த்


தூர்
மார்ச் 12

என் கோபக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். "ஏம்மா, இதுக்கு வயித்து வலியா?" என்றார். பாரம் ஏறியிருப்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவருக்கு?

உள்ளே ஆளை வரையுங்கள். வண்டிப் படத்தில் குதிரையும் கூடாது, ஆளும் கூடாது என்பது உங்கள் தொழில் வழக்கமாம். இருக்கட்டுமே! கம்பி வளையம் வைத்து விரித்த பாவாடையோடு ஒரு சீமாட்டியை உட்கார வையுங்கள். அந்தப் பாவாடை கசங்காமல் ஏறி இறங்க முடியுமா என்பதுதான் பெண்களாகிய எங்கள் கவலை.

திட்டாமல் யோசியுங்கள்.

ஸெலீ


பாரிஸ்
மார்ச் 28

ஸெலீ,

திட்டினேன். ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு வரைந்தேன்.

இன்று வண்டி வாங்க ஒரு சீமாட்டி வந்தார். அவர் முன் விக்தோரனின் படங்கள் இரண்டு, என்னுடையது ஒன்று. என்னுடையதைக் கொதார் மெல்ல உருவப் பார்த்தார். சீமாட்டி கையுறையால் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வைய்யா அதை! அந்த ரெண்டும் ஆளில்லாத வீடு மாதிரி கிடக்கு. இதுல நான் உட்கார்ந்திருக்கேன்!"

"கொஞ்சம் தாழ்வா இருக்கும்மா..."

"நான் ஏறினா தாழாம பறக்குமா? என் எடை எனக்குத் தெரியாதா?"

வென்றோம்! மகளுக்கும் சேர்த்து இரண்டு வண்டி சொல்லிவிட்டுப் போனார். இனி எல்லாப் படத்திலும் ஆள் இருக்க வேண்டும் என்பது கொதாரின் உத்தரவு. மாலையில் விக்தோரன் என் மேசைக்கு வந்து, "தம்பி, இந்தப் பாவாடை மடிப்பை எப்படிப்பா போட்டே?" என்றார். ஊரிலிருக்கும் ஒருத்தியைக் கேட்க வேண்டும் என்றேன்.

இனிச் செய்யப்போவது:

1. ஈஸ்டர் காலை முதல் ரயிலில் தூர் நகருக்கு வருவது.
2. உன் அப்பாவிடம் கர்வமில்லாமல் பேசுவது. (கடினம்.)
3. பாதிரியாரிடம் இருப்பதிலேயே சீக்கிரமான நாளைக் கேட்பது.
4. திரும்பும்போது இரண்டு டிக்கெட் எடுப்பது.

எவரிஸ்த்