படம் தெளிந்த பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

என் பழைய லேப்டாப்புக்கு வைஃபை சரியாக எட்டாமல் இருந்தது அல்லவா? வீட்டுக்காரரின் ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதைப் பீரோ மேல் ஏற்றி வைத்தேன். லேப்டாப்பில் சின்ன ஆன்டெனா ஒன்றும் செருகினேன். நேற்று நாம் வீடியோ காலில் பேசியபோது படம் பளிச்சென்று வந்தது.

இத்தனை நாளும் அப்பாவின் பேச்சு குழறியதற்கும், வாய் ஒரு பக்கம் இழுத்ததற்கும் நெட்டைத்தான் திட்டினேன். நீயும், "ஆமாண்டா, சிக்னல்தான் சரியில்ல" என்றாய். நேற்றும் வாய் அப்படியேதான் இருந்தது. அவர் எதிரில் கேட்க மனம் வராமல், இங்கே மழை என்று எதையோ உளறினேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல். அப்பாவிடம் மட்டும், எனக்குப் படம் இன்னும் மங்கலாகத்தான் வருகிறது என்று சொல்லிவை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்