கோட்டுக்கு மேல் ஒரு மடக்கு

அத்தை,

இன்று காலை பாத்திரம் கழுவும்போது உங்கள் கண்ணாடி டம்ளர் கையில் வந்தது. பாதிக்குச் சற்று மேலே அந்தச் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. என் நகப்பூச்சால் போட்டது. "ரிமூவர் வச்சுத் தொடச்சா போயிரும்ல" என்று உங்கள் மகன் எட்டு மாதமாகச் சொல்கிறார். நானும் எட்டு மாதமாக அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளுகிறேன். எப்படியோ முன்னால் வந்துவிடுகிறது.

அது வந்த நாள் நினைவிருக்கிறதா? சிறுநீரகம் இரண்டும் போய், அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வங்காளத்துக்கு, லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு உங்களை அழைத்து வந்த முதல் மாதம். காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து முறை, இந்த அளவுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவர்சில்வரில் அளவு தெரியாது என்று கண்ணாடி டம்ளர் வாங்கிக் கோடு போட்டேன். "வெரல்ல பூசுறத டம்ளர்ல பூசி, சாராயக்கடை கிளாஸ்ல என்னத் தண்ணி குடிக்க வச்சிட்டியேத்தா" என்றீர்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டு, "மருமக தண்ணியக்கூட அளந்துதான் குடுக்குறா" என்று உங்கள் தங்கையிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது வெறும் சிரிப்புதானா என்று கடைசிவரை உங்களிடம் கேட்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முடிந்து வரும் வழியில் கரியாஹாட் சந்தில் மருந்து வாங்குவோம். நான் வரிசையில் நிற்க, நீங்கள் வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்கள். எதிரே அந்தப் பிராணிக் கடை. மீன் தொட்டிகள், லவ் பேர்ட்ஸ், ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் வெளிநாட்டு மலைப்பாம்பு. பாம்பு என்று வாயால்கூடச் சொல்லமாட்டீர்கள், உங்களுக்கு அது பூச்சிதான்.

"ஏத்தா, அந்தப் பெட்டில கெடக்குறது பூச்சியா?" என்று முதல் நாள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான்கடி பின்னால் போனீர்கள். இரண்டாம் நாள் அதே இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அதுக்குத் தண்ணி வச்சிருக்காகளா, பாரு" என்றீர்கள். கிண்ணம் காய்ந்து கிடந்தது.

"அதுங்களுக்கு அவ்வளவு தண்ணி வேணாம் அத்தை" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் அப்பிடித்தான சொல்றீக."

எழுந்து போய்க் கடைக்காரரைத் தமிழிலேயே பிடித்துக்கொண்டீர்கள். "வாயில்லா சீவனுக்குத் தண்ணி வைக்காம என்னய்யா ஏவாரம் பண்றே?" அவர் வங்காளத்தில் "திச்சி மாஷிமா, திச்சி" என்று, இதோ வைக்கிறேன் பெரியம்மா என்பதுபோல், பல்லைக் காட்டிக்கொண்டே ஒரு பாட்டில் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். அதன்பிறகு வாரம் மூன்று நாள், நம் ஆட்டோ சந்து முனையில் நின்றதுமே அவர் பாட்டிலை எடுப்பார். உங்களுக்குப் பயந்து அவர் ஊற்றியதில் அது குடித்தது. நீங்களோ அதைப் பார்த்தபடி வறண்ட உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டிருப்பீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். "கோட்டுக்கு மேல ஒரு மடக்கு ஊத்துத்தா" என்று கேட்டீர்கள். மகன் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டீர்கள். "நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும் அத்தை" என்று கோடு வரைக்கும் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். விடிந்ததும் மூச்சுத் திணறல், ஆம்புலன்ஸ், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். அப்படிப் பார்த்தால் நான் செய்தது சரிதான். அந்தச் சரிதான் என்னை விடாமல் துரத்துகிறது. தினமும் நான்கு மணிக்கு அடுப்படி மேடையில் யாரோ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்ப்பதை இப்போது நிறுத்திவிட்டேன்.

எட்டு மாதமாக அந்தச் சந்துப் பக்கமே நான் போகவில்லை. போன சனிக்கிழமை உங்கள் மகனுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போகவேண்டியதாயிற்று. பெட்டி அங்கேயே இருந்தது. உள்ளே அதுவும் இருந்தது. பாதி உரிந்த தோல் உடம்பில் சருகாக ஒட்டியிருந்தது, ஒரு கண்ணையும் மூடியிருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்த அடையாளமாக ஒரு வெள்ளைக் கறை மட்டும்.

"மாஷிமா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்று தலையசைத்தேன். அவர் "நியே ஜான், பௌதி" என்று பெட்டியைக் காட்டினார். கொண்டுபோங்களேன் அண்ணி என்கிறார். கொடுப்பதைக் கொடுத்தால் போதுமாம். சாகக் கிடப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று புரியாமலில்லை. ஆனாலும் பையைத் திறக்கப் போய்விட்டேன், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது உங்கள் மகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கம்மா இருந்தா இந்த வாசப்படிய மிதிக்குமா?" மிதிக்கமாட்டீர்கள்தான். அதே கடையில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிப் பறக்கவிடலாமா என்று நான் கேட்டபோது நீங்கள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "குருவிய வாங்கிட்டா கூண்டு சும்மாவா கெடக்கும்? இன்னொன்னக் கொண்டாந்து அடைப்பான்." மூன்று நாள் யோசித்தேன். வாங்காவிட்டால் அது செத்துப்போகும். வாங்கினால் அந்தப் பெட்டிக்கு இன்னொன்று வரும். இரண்டுமே உண்மை. ஆனால் இவை இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, உங்களிடம் மட்டும்தான் சொல்லமுடியும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதற்கும் இரை, சூடு, தண்ணீர் என்று எல்லாவற்றையும் நான்தான் அளக்கவேண்டும். இன்னொரு உயிருக்கு அளவு வைக்க எனக்குத் தைரியம் இல்லை அத்தை.

இன்று செவ்வாய். டம்ளரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வியாழனன்று ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து வந்தால் காட்டுவீர்களா என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டேன். தோளைக் குலுக்கினார். தண்ணீர் ஊற்றலாமா என்றதற்கு மட்டும் மூடியை நகர்த்தி வழிவிட்டார். டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கிண்ணத்தில் ஊற்றினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலை மெல்ல நகர்ந்து வந்து தாடையைத் தண்ணீரில் வைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. இத்தனை நேரம் ஒரு சீவன் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதுவாகப் போதும் என்று தலையை எடுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாங்காதது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வியாழன்வரை அது இருக்குமா என்றும் தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. வெயிலில் வந்ததில் எனக்கே நா வறண்டிருந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்துக் கழுவி, குடத்தைச் சாய்த்தேன். கோடு வந்ததும் கை நின்றுவிட்டது.