விரலுக்குத் தெரியவில்லை, நைனா

நைனா,

வாசலில் உன் புல்லட் வண்டி நின்ற இடத்தில் மணல் கறுத்துக் கிடக்கிறது. இன்று காலை பெருக்கும்போது மேல்மணலைத் தள்ளிப் பார்த்தேன். அடியிலும் கறுப்புதான். இன்ஜின் ஆயிலும் மீன் தண்ணீரும் கலந்த உன் சட்டை வாடை மூக்கில் ஏறியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி இப்போது இல்லை. எளாவூரிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எப்படிப் போனது என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். மாமா சொன்னால் வேறு மாதிரி சொல்வார்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் உனக்கு நினைவிருக்கும். டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு வார்த்தை வராது, அழுகைதான் வரும். அம்மா திட்டித் தீர்த்தாள். நீ என்னை வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். அந்த வருஷம்தான் சர்க்கரை வியாதி உன் விரல் நுனிகளின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டது. சட்டைப் பொத்தான் போடக்கூட அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தாய்.

நம் தோணிரேவில் ஏரியில் வலை போடுவது பாடுக் கணக்கில், ஆளுக்கொரு நாள் முறை வைத்து; நம் முறை இல்லாத நாளில் நம் ஆட்கள் வலை இறக்க மாட்டார்கள். நீ பொன்னேரிக்கு வண்டியில் ஏற்றிப்போக மீன் லோடும் இருக்காது. அன்று காலையில் அந்தப் பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போய், டச்சுக் கல்லறைச் சுவரோரம் நிழலில் நிறுத்துவாய். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினாக இருக்க வேண்டும் உனக்கு. பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு கம்பிகள் நிற்கும். வால்வைத் தூக்கிவிடும் கம்பிகள். ஸ்பேனர் உன் கையில், கம்பி என் விரலில். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் அது லேசாகச் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் இடைவெளி அதிகம், சத்தம் போடும். சுற்றாவிட்டால் இறுக்கம், வால்வு முழுசாக மூடாது.

"இன்னா சொல்லுது?" என்று கேட்பாய்.

"இறுக்கம்."

நட்டை ஒரு மயிரிழை தளர்த்துவாய். "இப்போ?"

"சரி."

அவ்வளவுதான் நம் பேச்சு. நான் யோசித்துச் சொல்லும்வரை காத்திருப்பாய். அப்படி எனக்காகக் காத்திருந்தவர் வேறு யாரும் இல்லை. லோடு அடிக்கிற மற்ற வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது வம்பிழுப்பார்கள். "இன்னா நைனா, டாக்டரம்மா நாடி புடிச்சாச்சா? வண்டி பொழைக்குமா?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீ நிமிராமலே சொல்வாய்: "உன் வண்டிய இட்டுனு வா, பொண்ணு பாக்கும். உன்ன மட்டும் பாக்காது. உனக்கு நாடியே கெடையாது."

பிறகு உன் கால். பொன்னேரியிலிருந்து நீ வந்து இறங்கும்போது தோல் கருகிய வாடை அடித்தது. உனக்கு முன்னால் எனக்குத்தான் தெரிந்தது. சைலன்சர் குழாயில் வழியெல்லாம் கால் பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. உனக்கு வலிக்கவே இல்லை. "இது இன்னா, கொப்புளம்தானே" என்றாய். அந்தக் கொப்புளம் ஆறவே இல்லை.

அந்தக் கால் உன்னைக் கொண்டுபோன பிறகு மாமா வண்டியை எடுத்துக்கொண்டார். லோடு அடித்து, வருவதில் பாதியை அம்மா கையில் கொடுத்தார். நான் இறால் உரிக்கும் ஷெட்டுக்கு அம்மாவோடு போக ஆரம்பித்தேன். இரண்டும் சேர்ந்து அடுப்பு எரிந்தது.

ஒருநாள் பொன்னேரி மார்க்கெட்டில் வண்டியின் டக்டக் சத்தத்தைக் கேட்ட யாரோ, "இன்னா மச்சான், தையல் மிஷின் ஓட்டிக்கினு வர்ற?" என்று கேட்டுவிட்டார்களாம். மாமாவுக்கு ரோஷம். வழியிலேயே வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கொதிக்கிற இன்ஜினில் சத்தம் நிற்கும்வரை இறுக்கிவிட்டார். "பாரு, எப்படி கம்முனு கீது" என்று வாசலில் வந்து பெருமையாகச் சொன்னார். சூட்டில் சரியாக இருப்பது ஆறினால் இறுகிவிடும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. அழுத்தம் துளியும் இல்லை. பெட்டியில் ஐஸ் கரைய, லோடு வேறு வண்டியில் போனது. மாமா கத்தினார்: "இன்னிக்கி ஓடலன்னா இரும்புக்குப் போட்டுடுவேன். மெக்கானிக்குக் குடுக்க எங்கிட்ட இல்ல."

"நான் பாக்கறேன், மாமா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசியதில் அவருக்கு ஆச்சரியம்.

மூடியைக் கழற்றினேன். இறுக்கத்தைத் தளர்த்தி, கம்பியை விரல்களுக்கு நடுவில் பிடித்து உருட்டினேன். ஒன்றும் தெரியவில்லை, நைனா. கம்பி சுற்றுகிறதா, என் விரல்தான் அதன் மேல் வழுக்குகிறதா என்று தெரியவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். விரல் நுனி எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் இறால் தலை கிள்ளிய விரல். வெளுத்து, வெடித்து, மரத்துக் கிடந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு எங்கடி தெரியும், எத்தினி வருஷமா உரிக்கிறேன்" என்றாள்.

கடைசியில் மாமாவே உட்கார்ந்தார். வலை இழுத்துக் காய்த்த கை, ஆனாலும் உணர்ச்சியுள்ள கை.

"சுத்துது. போதுமா?"

"லேசா சுத்துதா மாமா, இறுக்கமா சுத்துதா?"

"சுத்துதுன்னா சுத்துது! இதுல இன்னா லேசு, இறுக்கம்?"

நான் எப்படிச் சொல்வேன்? அந்த லேசு எனக்கு விரலில் இருந்தது, பேச்சில் இல்லை. சோளத்தட்டையை உருட்டுகிற மாதிரி என்றேன், ஈரம் காய்ந்த வலைக்கயிறு மாதிரி என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே நட்டை அப்படியே பூட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொஞ்ச நாள்தான் ஓடியது. இறுக்கம் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கிறது. புகை போகிற பக்கத்து வால்வு முழுசாக மூடாமல் கருகிக் கருகி, திருப்பாலைவனம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. மீன்பெட்டியோடு ஒரு டெம்போவில் ஏறி வந்தது. அதற்குப் பிறகு மாமா கத்தவில்லை. இரும்புக்காரருக்குப் போன் பண்ணினார், அவ்வளவுதான். இப்போது மாமா வேறொருவர் படகுக்குக் கூலியாகப் போகிறார். எங்களுக்கு ஷெட் மட்டும்தான்.

ஷெட்டுக்குக் கிளம்பும் முன் டீ போட்டதும் நான் உடனே குடிப்பதில்லை. டம்ளரை விரல் நுனிகளால் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுடுகிறது என்று தெரிய வேண்டும். தெரிகிறது, ஆனால் முன்னைவிட மெதுவாக. அம்மா இதைக் கவனித்துவிட்டாள். எதிரில் நின்று அவளும் தன் டம்ளரை அப்படியே பிடிக்கிறாள். இரண்டு பேரும் காத்திருக்கிறோம். சுட்டதும் நான் வைத்துவிடுகிறேன். அம்மா தன் டம்ளரைக் கீழே வைப்பதே இல்லை.