கோடனுக்கு விடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றது

நீர் வற்றாதிருக்க. நெல் சாயாதிருக்க. கல் பிளக்கும் கைகளும் களை பறிக்கும் கைகளும் நோவற்றிருக்க.

ஆமை இலச்சினையுடைய நெடுவயல் நாட்டு வேந்தர், இருகரைக் காவலர், மாவளத்தார் திருவடி நிழலில் அமைச்சுத் தொழில் பார்த்த குழியன் காரி, கருங்குன்ற நாட்டுத் தலைவரும் அங்குள்ள கல்லுடைக்கும் சிறைக்குக் காவலருமாகிய சாத்தன் பொறையனார் சமூகத்துக்கு விடுத்த ஓலை. தங்கள் மலையும் மனையும் சுனையும் சுற்றமும் நலமாயிருக்க வேண்டும். காரியின் பட்டங்களை இவ்விடத்தில் வரிசையாக எழுத எழுத்தர் எழுத்தாணியை எடுத்தார். காரியே தடுத்துவிட்டான். கிணறு வெட்டிய குழியனின் மகன் என்பதே இந்தக் காரியத்துக்குப் போதும்.

தாங்கள் விடுத்த மறுமொழி வந்து சேர்ந்தது. குழாய்க்காரன் கோடனை வேந்தர் கருணையால் மன்னித்து விடுவிக்கும்படி காரி முன்பு எழுதியிருந்தான். தாங்கள் கதவைத் திறந்துவிட்டும் கோடன் வெளியே வர மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பை வாங்கிக்கொண்டால் தான் தப்புச் செய்தவன் என்று ஆகிவிடும் என்றும், அந்தப் பெயரோடு போனால் வாய்க்கால் தூர்வாரக்கூட எவனும் கூப்பிடமாட்டான் என்றும், அதற்கு இந்தக் கல்லே தேவலை, இது தன்னைப் பற்றி ஊரில் பேசாது என்றும் சொல்லிவிட்டு அவன் மறுபடி சம்மட்டியைத் தூக்கினானாம். இப்படி ஒரு பைத்தியக்காரனைத் தாங்கள் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் பைத்தியக்காரன் அல்லன். நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும்.

அரண்மனைப் பூந்தோட்டத்துக்கு ஆட்கள் குடம் சுமந்தது போதும், ஏரி நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுவருவோம் என்று வேந்தர் விரும்பினார். வேலையை ஒப்பந்தமாக எடுக்கப் பலர் வந்தார்கள். எல்லோரும் வாயாலேயே நீர் பாய்ச்சினார்கள். கோடன் அவர்களையும் மிஞ்சிப் பேசினான். ஆனால் பேசிக்கொண்டே காரியின் வெள்ளை மேலாடையைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்தான். சுண்ணாம்பு பூசி இணைத்து, காயவைத்து எடுத்துவந்திருந்த இரண்டு சுடுமண் குழாய்களை அதன்மேல் வைத்து நீர் ஊற்றினான். நனைந்தால் கவலை வேண்டாம், தன் மனைவி கொற்றி துவைத்துத் தருவாள் என்று வேறு சொன்னான். சபை சிரித்தது. ஆடை நனையவில்லை. வேலை அவனுக்கே ஆயிற்று.

குழாய் பதிக்கும்போது, ஒவ்வொரு பாத்திக்கும் நீரை அடைக்க மடைப்பலகை வைக்க வேண்டும் என்றான் கோடன். மல்லிகை சிலகாலம் தண்ணீருக்கு ஏங்கினால்தான் அரும்பு கட்டும், ஓயாமல் ஊட்டினால் இலைதான் கொழுக்கும் என்றான். மடைப்பலகை என்ற பேச்சைக் கேட்டதுமே காரிக்கு உடம்பு எரிந்தது. அவன் பிறந்த மேட்டுச்சேரியில் கோடைதோறும் நிலக்காரரின் ஆட்கள் பலகையை இறக்கிப் பூட்டிவிட்டுத் தடியோடு காவல் நிற்பார்கள். பலகையின் இடுக்கில் கசிவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டுதான் அவன் தாய் உலை வைத்தாள். ஆகவே, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட மண்ணில் தண்ணீரை மறிக்கும் பலகை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். இது கொடுமையன்று ஐயா, செடிக்குப் பத்தியம் என்றான் கோடன். நீ வைத்தியனா, குழாய்க்காரனா என்று காரி கேட்டான். வேலை கொடுத்தவர் சொன்னால் குழாய்க்காரன்தான் என்று கோடன் சிரித்துக்கொண்டே போனான். பின்னும் ஒருமுறை கேட்க வந்தவனைக் காரி ஆள்விட்டு வெளியே அனுப்பினான்.

திருவிழாவுக்கு மல்லிகைப் பாத்திகளில் இடுப்புயரம் பச்சை இருந்தது, பூ இல்லை. அயல்நாட்டு விருந்தினர் முன்னே தேவியின் பல்லக்கு வெறும் தழை கட்டிப் புறப்பட்டது. முகம் கறுத்த வேந்தர், இந்த நீர்வழியைக் கட்டியது யார் என்று கேட்டார். கோடன் என்று காரி சொன்னான்.

அது பொய்யன்று. கட்டியது யார் என்றுதான் கேட்டார். அப்படிக் கட்டச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. அந்த இடைவெளியில் காரி ஒதுங்கிக்கொண்டான். காவலர் பிடித்தபோது கோடன் காரியை ஏறிட்டுப் பார்த்தான், இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்பதுபோல. காரி பல்லக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு உறுத்தியது. உறுத்தலைத் தீர்க்கக் குறுக்குவழி தேடி அந்த மன்னிப்பு ஓலையை எழுதினான். கணவன் வர மறுத்த செய்தி கேட்டுக் கொற்றி வாசலுக்கு வந்தாள். அழவில்லை, கும்பிடவுமில்லை. தாமே மிதித்துவிட்டு, மிதிபட்டவனைப் பார்த்து, போனால் போகிறது போ என்று சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டாள். காரியின் வீட்டார் அவளை அதட்டினார்கள். காரி அவர்களை அதட்டினான். நேரே அரண்மனைக்குப் போனான்.

வேந்தரிடம் உள்ளதைச் சொல்லி, அதைச் சிறையில் எல்லோர் முன்னும் படிக்க இசைவு கேட்டான். ஒரு குழாய்க்காரனுக்காக அமைச்சன் கல்லுடைப்போர் நடுவே தன் பெயரைக் கெடுத்துக்கொள்வதா, ஆளைச் சத்தமில்லாமல் வீட்டில் கொண்டுபோய் விட்டால் ஆகாதா என்றார் வேந்தர். ஆளை வீட்டில் விடலாம், அவன் பெயரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று காரி கேட்டான். வேந்தர் அவன் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார். பின்பு விடுதலைக்குத் தம் இலச்சினையைத் தாமே பதித்துத் தந்தார்.

ஆகவே, முந்திய ஓலையைக் கோடன் கண்முன்னே முறித்து அடுப்பில் இடுக. கல்லுடைப்போர் யாவரையும் கூட்டி, இவ்வோலையைத் தாங்களே உரக்கப் படிக்க. பலகை வேண்டும் என்றவன் கோடன். வேண்டாம் என்றவன் காரி. வேந்தர் கேட்டபோது வாய்மூடி நின்றவனும் காரி. கோடன்மேல் குற்றம் இல்லை, இருந்ததும் இல்லை. நாட்டில் எந்தத் தோட்டத்திலும் எந்த ஏரியிலும் அவன் வேலை எடுக்கத் தடை இல்லை. இந்த வாசகத்தையே சந்தைதோறும் பறையறைந்து சொல்ல ஆட்கள் போயாயிற்று. அரண்மனைத் தோட்டத்துக்குப் பலகை வைக்க வருவானா என்று மட்டும் யாரும் அவனைக் கேட்க வேண்டாம்.

இவ்வோலையோடு வந்தவர் இருவர். தங்கள் கையில் தந்தவன் தூதன். சிறைவாயிலுக்கு வெளியே கல்குவியலருகே நிற்பவன் காரி. அவனுக்கு இருக்கை போட வேண்டாம். கோடன் வரச்சொன்னால் உள்ளே வருவான். திட்டினால் கேட்டுக்கொள்வான். ஒன்றும் சொல்லாமல் கோடன் தாண்டிப் போனால், வழிவிட்டு ஒதுங்கி நிற்பான்.

இதற்கு ஆமை இலச்சினை சாட்சி. அமைச்சர் முத்திரைக்குரிய இடத்தில் காரியின் பெருவிரல் ரேகை. முழுதும் படித்த பிறகே கதவைத் திறக்க.