அம்பிகா சேச்சிக்குப் பார்சல்

அன்பு அக்கா,

நான்கு நாள் தீர ஆலோசித்து, இரண்டு முறை மனம் மாறி, குளியலறைக் கால்மிதியின் நிறம் சாம்பல் என்று இறுதி முடிவு எடுத்தேன். நீலத்துக்கும் ஆதரவு இருந்தது. குடும்பத்தின் வருங்காலத்தை முன்னிட்டு அதை நிராகரித்தேன்.

நீ போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. 'அவ', 'போனவ' என்று சுற்றி வளைத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான், நீ ஆர்டர் செய்து, ஸ்டாக் இல்லை என்று தள்ளிப்போன குடை வந்தது. நம் சந்துக்குள் வண்டி நுழையாது. பார்சல்காரர் நாசர் முனையில் நின்றே கூப்பிடுவார். ஜூ டவுன் மிளகுக் கிடங்கில் இருபது வருஷம் மூட்டை எண்ணிக் கூவிய தொண்டை.

"அம்பிகா சேச்சியேய், பார்சல் உண்டு."

செருப்புப் போடாமல் ஓடினேன். நீ உள்ளே இருந்துகொண்டு என்னை அனுப்பியதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கால்மிதியை உன் போனிலிருந்து, உன் பெயருக்கு வாங்கினேன். பிறகு இட்லித் தட்டு, சுவர்க் கடிகாரம், குக்கர். சரக்கைப் பிரித்து அனுப்பினால் செலவு கூடும் என்று வல்லார்பாடம் துறைமுகத்தில் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஐந்து சாமானை ஒன்றாக வாங்கினால் நாசர் ஒரு முறைதான் கூப்பிடுவார். தனித்தனியாக வாங்கினால் ஐந்து முறை.

'அம்பிகா, இட்லித் தட்டு பிடித்திருந்ததா?' என்று போன் கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். நீ அப்படி வாரிக் கொடுக்கிறவள் இல்லை என்று நினைவு வந்து மூன்றாக்கினேன்.

பெட்டிகளைப் பிரிக்காமல் உன் கட்டிலில் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் உன் பெயர். சில நாள் நாசர் கூப்பிட்டதும் உன் அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும். மாலதி அடுக்களையில் இருப்பாள், மகள் மீனு பள்ளிக்கூடத்தில். நான் கதவைத் திறக்கும்வரை கேட்கும். யார் அக்கா அது?

இப்போது வாங்கு, பிறகு கொடு என்றார்கள். அந்தப் பிறகு மாதாமாதம் வந்தது. ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க ஆப்பில் கடன், அதற்கு உன் சங்கிலி. 'மீனு நர்சிங் சேர்றப்போ இதை வித்துக்கோ, வேற எதுக்கும் தொடாதேடா' என்று ஆஸ்பத்திரியில் நீ கழற்றிக் கொடுத்தது. நான் விற்கவில்லை. அடகுதான் வைத்தேன்.

கட்டிலில் இடம் தீர்ந்தபோது மாலதி கேட்டாள்.

"நாலு குக்கர் என்னத்துக்காக்கும்? ஹோட்டல் போடப் போறேளா?"

"தள்ளுபடி இருந்தது."

"எனக்கு ஒரு சாரி எடுக்கறச்சே இந்தத் தள்ளுபடியைக் கண்டதில்லையே."

மறுநாள் நாசர் கூப்பிட்டபோது அவளே முனைக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன்.

"நாசரிக்கா, இனி அந்தப் பேரை விளிக்க வேண்டாம். சேச்சி மரிச்சு எட்டு மாசமாயாச்சு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்த்து, "சார் ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ" என்றார். நான் சொல்லவில்லைதான்.

அடுத்த பார்சலுக்கு அவர் சந்துக்குள் நடந்து வந்து மணியை அழுத்தினார். "சார், பார்சல்" என்றார், மெதுவாக.

அதன்பின் நான் எதையும் வாங்கவில்லை. திருந்திவிட்டதாக மாலதி சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள். நீயும் அப்படி நினைத்துவிடாதே. நாற்காலி இப்போது நகர்வதில்லை. நகராத நாற்காலியைத்தான் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

சம்பளம் கார்டுகளுக்கே போய்க்கொண்டிருந்ததில் சங்கிலியை மீட்கும் தவணை தாண்டியது. ஏலம் விட்டுவிட்டார்கள். மீனுவிடம் நானே சொன்னேன். "அத்தைக்குத் தெரிய வேண்டாம்ப்பா" என்றாள். அவள் சொன்னதையும் மீறித்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன். உன் பெயரை இனி வீட்டுக்குள் நானே சொல்வேன், நாளுக்கு ஒரு முறையாவது, உரக்க.

மீனு இந்த வருஷம் நர்சிங் சேரவில்லை. கலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

உன் தம்பி,
சுந்தரம்