பென்சில் குறி வைத்த இடம்

சேசு மரி சூசை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
26-7-1985

அன்புள்ள மகன் பிரான்சுவாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் தங்கை சகாயசெல்வியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பிரான்ஸில், துலோன் ஊரில் தேவதாஸ் மாமா வீட்டில் நீயும் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய், உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் சந்தேகப்படாமல் படித்தேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய் வந்தோம், இந்த முறை மாத்திரை வெள்ளைக்குப் பதில் மஞ்சளாக இருந்தது, ஏன் என்று கேட்டேன், மருந்து அதுவேதான், கம்பெனிதான் வேறு என்றார்கள், அட்டையைத் திருப்பி எழுத்தைப் பார்த்த பிறகுதான் அவளைச் சாப்பிட விட்டேன். சகாயசெல்வி டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதியிருக்கிறாள், அவளுக்கு சென்ட் பாட்டில் எதுவும் அனுப்பாதே. கடையில் வேலை சுமார்தான், அரியாங்குப்பம் பக்கத்துப் பம்புசெட் மோட்டார்கள் கோடையோடு நின்றுவிட்டன, இப்போது காயில் சுற்ற சீலிங் ஃபேன்தான் வருகிறது. செய்தி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அங்கே தங்குவதற்கான கார்த்தை அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அப்பாவின் இந்த வருஷத்து வருமான வரிக் காகிதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய், சரி. அதற்குக் கீழே, தொகை போன வருஷம் மாதிரியே இருந்தால் நல்லது, குறைந்தால் கார்த் கொடுக்க மாட்டார்கள், படிப்பு பாதியில் நின்றுவிடும் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில்தான் எனக்கு உதைத்தது. போன வருஷம் என் வரி பாரத்தில் என்ன தொகை எழுதியிருந்தது என்று எனக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரிந்தது? நீ கிளம்பும் முன், உன் செலவுக்கு நான் பொறுப்பு என்ற கடிதத்தோடு ஏதோ காகிதம் வைத்துக் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம். மறுநாள் காலையிலேயே கடையைத் திறக்காமல் கன்னியப்பனிடம் போனேன். ஆடிட்டர் ஆடிட்டர் என்று ஊரே கூப்பிடுகிறதே தவிர அவன் மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவன், ஆள்குறைப்பில் வெளியே வந்ததும் கடைக்காரர்களுக்கு வரி பாரம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தான், இதை நீயும் அறிவாய். போன வருஷத்து நகலை எடு என்றேன். எலி கடித்துவிட்டது என்றான், பிறகு வேறு பைலில் இருக்கிறது என்றான், பிறகு சாயங்காலம் வா என்றான். மூன்று பதில் சொன்னால் மூன்றும் பொய் என்று எனக்குத் தெரியாதா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நகல் வந்தது. கடை நிகர வருமானம் இருபத்தெட்டாயிரத்து ஐநூறு ரூபாய். கீழே என் கையெழுத்து.

என் நோட்டில் போன வருஷம் செம்புக் கம்பி, வார்னிஷ், காகிதம், கடை வாடகை, கரண்டு பில் எல்லாம் போகப் பதினேழாயிரத்துக்கு மேல் ஒரு சல்லி கிடையாது. இந்த மீதிப் பதினோராயிரத்து ஐநூறு எந்த மோட்டாரில் இருந்து வந்தது என்று கேட்டேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கோச்சிக்காதப்பா லூர்து, உம் புள்ளதான் வந்து சொன்னான், பிரான்ஸுக்குக் காட்டணும், ஏத்தி எழுதுங்க, அப்பாவுக்குத் தெரியும்னான். கொறச்சி எழுதுனாதான தப்பு? ஏத்தி எழுதுனா கவர்மெண்டுக்கு லாபந்தான, எவன் கேக்கப் போறான்?" என்றான். நான் எப்போது கையெழுத்துப் போட்டேன் என்றேன். "மறந்துட்டியா, உன் கடை வாசல்ல, என் ஸ்கூட்டர் சீட்டு மேல வெச்சித்தான போட்ட. பாரத்தைப் படிச்சிப் பாருய்யான்னேன், எழுதாத பாரத்துல என்னாத்தப் படிக்கறது, எங்க போடணும்னு காட்டு, வார்னிஷ் காயுதுன்ன. நான் பென்சில்ல குறி வெச்ச எடத்துல போட்டுட்டு உள்ள போயிட்ட" என்றான். அது உண்மை. எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது, கண்ணும் காதும் நன்றாக இருக்கிறது, என்னைக் கிழவனை ஏமாற்றுவது போல ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்டவன் என்ன கத்துவது, எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் இன்னொரு சந்தேகம். அவ்வளவு வருமானம் எழுதினால் அவ்வளவு வரி கட்டியிருக்க வேண்டும், நான் கன்னியப்பனிடம் வழக்கமான தொகையைத்தான் கொடுத்தேன், மீதியை யார் கட்டினார்கள்? வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவள் போன ஆடியில் ஏலச்சீட்டு எடுத்தாள், மிக்சி வாங்கப் போவதாகச் சொன்னாள், மிக்சி வரவே இல்லை, விலை ஏறிவிட்டது என்று மூன்று முறை சொன்னாள், நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டதும் ஒளிக்கவே இல்லை. "நாந்தான் குடுத்தேன், என்னா இப்போ? புள்ள போவணும்ல. உங்ககிட்ட சொல்லியிருந்தா கன்னியப்பனைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருப்பீங்க" என்றாள். அதோடு விட்டாளா, "ஒரு ஃபேன் ரிப்பேருக்கு வந்தா பத்து தடவ டெஸ்ட் லாம்ப் வெச்சிப் பாக்கறவரு, பேனாவக் குடுத்தா மட்டும் கண்ண மூடிக்கிட்டு இழுக்கறீங்க" என்று சகாயசெல்வி எதிரிலேயே சொன்னாள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. அதற்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது. வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

இந்த வருஷம் கன்னியப்பன் பக்கமே போகவில்லை. வரி அலுவலகத்தில் பாரம் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நானே எழுத உட்கார்ந்தேன். சொந்தத் தொழில் செய்கிறவன் தன் வருமானத்தைத் தானே கணக்குப் போட்டு, வரியையும் தானே போட்டு, பாங்கில் சலான் கட்டி, அந்தச் சலானையும் பாரத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டுமாம். நம்மையே போடச் சொல்வது நம்மை நம்பி அல்ல, நாம் எங்கே தப்புப் போடுகிறோம் என்று பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போகட்டும். ரசீது புத்தகத்தை வைத்து மாதம் மாதமாகக் கூட்டினேன். கம்பி வாங்கிய பில் எல்லாம் இருந்தது. காயில் சுற்றும் மெஷினுக்குத் தேய்மானம் கழிக்கலாம், அதைச் சுற்றும் ஆளுக்குக் கிடையாது. இரண்டு முறை கூட்டினேன், மூன்றாம் முறை கீழிருந்து மேலே கூட்டினேன், பதினாறாயிரத்து எண்ணூறு வந்தது. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்த அம்மா தொகையைப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்றாள். "இன்னும் ஒரே வருஷங்க. அடுத்த ஜூன்ல படிப்பு முடிஞ்சிடும். போன வருஷத்து ரூபாயவே எழுதுங்க, வரியத்தான கட்டப் போறோம், யார் வீட்டுலயாவது திருடறோமா?" என்றாள். அவள் போன பிறகு பென்சிலில் இருபத்தெட்டாயிரம் என்று எழுதினேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எழுதினேன். வரி எவ்வளவு வரும் என்று ஓரத்தில் போட்டும் பார்த்தேன். கடையிலிருக்கும் இரண்டாவது காயில் மெஷினை விற்றால் கட்டிவிடலாம்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு இதை யோசித்தேன். கரண்டு மீட்டரை ஒரு முறை திருத்தியவன் அடுத்த மாதமும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் சரியான ரீடிங்தான் திருட்டு மாதிரி தெரியும். இப்போதே அப்படித்தான் ஆகிவிட்டது. நான் உள்ளதை எழுதினால், போன வருஷம் இருபத்தெட்டு இருந்தது, மீதியை எங்கே ஒளித்தாய் என்று கேட்பார்கள். ஒளிக்காதவன் ஒளித்தவனாக நிற்க வேண்டும். மறுபடியும் இருபத்தெட்டு எழுதினால் அடுத்த வருஷம் முப்பது எழுத வேண்டும், உன் படிப்பு முடிந்தாலும் இது முடியாது. ரப்பரால் அழித்துவிட்டுப் பதினாறாயிரத்து எண்ணூறை மையில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், இதில் கண்டதெல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. அதை மூன்று முறை படித்தேன். போன வருஷமும் அதே இடத்தில் அதே வாசகத்துக்குக் கீழேதான் என் பெயர் இருக்கிறது, கன்னியப்பன் பெயர் எங்கேயும் இல்லை, உன் பெயரும் இல்லை. அதனால் தனியாக ஒரு தாளில், போன வருஷத்து பாரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன், அதிலுள்ள தொகை என் கடையின் வருமானம் அல்ல, நோட்டுகள் தயாராக இருக்கின்றன, எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று எழுதினேன். யார் எழுதியது, யார் சொன்னது என்று எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது.

செவ்வாய்க்கிழமை சலான் கட்டினேன், நேற்று எல்லாவற்றையும் கொண்டுபோய் நீட்டினேன். பாரம் வாங்கும் குமாஸ்தா போன வருஷத்துப் பதிவைப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, பாதிக் கடைய கடல் கொண்டுபோயிடுச்சா?" என்றார். இந்தத் தாளையும் படியுங்கள் என்றேன். படித்தார், குரலைத் தணித்துக்கொண்டு, "இதை ஏன் குடுக்கறீங்க? கொறச்சிக் காட்டுனவன்தான் இங்க பயந்துக்கிட்டு வருவான், ஏத்திக் காட்டிட்டேன்னு யாரும் வந்ததில்ல. அய்யா பாத்தா கூப்பிட்டு விசாரிப்பாரு, அபராதம் கிபராதம்னு போவும், மடிச்சிப் பையில வெச்சிக்கிட்டுப் போங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னாரா, பின்னால் ஏதாவது எதிர்பார்த்துச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் முத்திரை போடுங்கள் என்றேன். போட்டார். இனி விசாரணை வந்தால் வரட்டும், அது என் பாடு.

உன் பாடு வேறு. இத்துடன் முத்திரை போட்ட நகலை அனுப்புகிறேன். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி அதன் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதற்கு என்று உனக்குத் தெரியும். இது போதாது என்று அவர்கள் சொல்லலாம், அப்படிச் சொன்னால் படிப்பு நிற்கும் என்பதை நினைக்காமல் இதை நான் செய்யவில்லை. தேவதாஸ் மாமா பிரஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர், அவர் வீட்டில் அவர் சோற்றைத்தானே நீ சாப்பிடுகிறாய், அவரே உனக்குப் பொறுப்பு என்று ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு முதலில் இருந்தே விளங்கவில்லை. என் தொகையை ஏற்று என்று உனக்குச் சொன்னவர் அவராகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், அதைச் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் கையெழுத்தைப் போட மட்டும் ஏன் யோசனை? அவரிடம் நேராகக் கேள், நான் கேட்கச் சொன்னதாகவே கேள். அம்மாவின் அண்ணன் என்று தயங்காதே, அம்மாவே கேட்கச் சொல்கிறாள், சொல்லும்போது முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டாள் என்றாலும் சொன்னாள். உனக்கு என் ஒரே கேள்வி, அப்பாவுக்குத் தெரியும் என்று கன்னியப்பனிடம் நீயாகச் சொன்னாயா, மாமா சொல்லச் சொன்னாரா? சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் பதில் எழுது. எந்தப் பதிலாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கோபப்படுவேன்.

இன்னொரு காகிதமும் உறையில் இருக்கிறது. உன் செலவுக்கு நான் பொறுப்பு என்று கார்த் கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதியது. போன வருஷம் பத்திரம் எழுதும் நொத்தேரின் குமாஸ்தா அழகான பிரஞ்சில் அடித்துக் கொடுத்தார், அதில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இதை நானே எழுதினேன். பதினோரு வயது வரைதான் எனக்குப் பிரஞ்சுப் பள்ளிக்கூடம், அதனால் நான்கு வரிக்கு இரண்டு நாள் ஆனது. நான் மோட்டார் சுற்றுகிறேன், மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய் வருகிறது, பிரான்சுவா என் மகன், அவன் நன்றாகப் படிக்கிறான், அடுத்த ஜூன் வரை அவனை அங்கே இருக்க விடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நன்றாகப் படிக்கிறான் என்பதை மட்டும் நீ சொன்னதை நம்பி எழுதினேன். கார்த் கிடைக்காவிட்டால் அங்கே ஒளிந்துகொண்டு நிற்காதே, டிக்கெட்டுக்கு எழுது, இரண்டாவது மெஷின் அதற்கு இருக்கிறது. ரிஜிஸ்டர் தபால் ரசீதை என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை காணத் தவறாதே, அம்மாவும் சகாயசெல்வியும் உன்னை விசாரிக்கிறார்கள், ஆரோக்கிய மாதா உன் கூட இருந்து காப்பாற்றட்டும். அந்தப் பிரஞ்சுக் கடிதத்தில் நிறையத் தப்பு இருக்கும், படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ ஓர் எழுத்தையும் திருத்தாமல் கொடு.

உன் அப்பா,
அ. லூர்துநாதன்